இழுபறிக்குச் சமன்குறி மருந்தல்ல: சோர் எதை ஏன் தேர்ந்தெடுத்தது என்று பென்சிலால் கண்டுபிடிக்கும் முறை

பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆங்கிலத்தில் 'சோர்' என்றால் உயரப் பறப்பது, தமிழில் சோர்ந்து உட்காருவது. நான் இதோடு மல்லுக்கட்டிய முதல் மூன்று மாதமும் தமிழ்ப் பொருள்தான் பொருந்தியது.

சோர் என்பது 1980களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் லெயர்ட், ஆலன் நியூவெல், பால் ரோசன்புளூம் மூவரும் உருவாக்கிய கணினி மென்பொருள் கட்டமைப்பு. மனித மனம் எப்படி முடிவெடுக்கிறது என்பதை 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்ற ரூல்களைக் கொண்டே கட்டிப் பார்க்கும் முயற்சி. பிறகு லெயர்ட் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார், சோரும் அவரோடு அங்கே போய்விட்டது. இன்றும் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

இறக்குவது, நிறுவுவது எல்லாம் பத்து நிமிட வேலை, அதை விட்டுவிடுகிறேன். ஓட்டிய பிறகு வரும் கேள்விதான் ஆளைக் கொல்லும்: நாலு வழி இருந்தது, இது ஏன் போயும் போயும் அந்த வழியில் போனது? அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுத்த முறை இது. ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில், ஒரு அழிரப்பர் போதும்.

முதலில் ஒரு நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ரூல் முடிவெடுக்கும் என்று நினைக்காதீர்கள். பழைய ரூல் கட்டமைப்புகளில் அப்படித்தான் இருந்தது. சோரின் தொடக்ககாலப் பதிப்பு ஒன்றே ஓபிஎஸ்5 என்ற மொழியின் மேல் கட்டப்பட்டது. அந்த ஓபிஎஸ்5-இல் பல ரூல் ஒரே நேரத்தில் பொருந்தினால் எது புதிய தகவலைத் தொடுகிறது, எதில் நிபந்தனை அதிகம் என்றெல்லாம் பார்த்து ஒன்றை மட்டும் ஓடவிடுவார்கள். அதே கார்னகி மெலனில் ஜான் ஆண்டர்சன் உருவாக்கிய ஆக்ட்-ஆரிலும் ஒரு நேரத்தில் ஒரு ரூல்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன்மதிப்பு எண், அதோடு கொஞ்சம் தற்செயல் ஏற்ற இறக்கம், எது கூடுதலோ அது ஓடும்.

சோர் அப்படி இல்லை. பொருந்துகிற ரூல் அத்தனையும் சேர்ந்தே ஓடும். ஒன்று ஓடியதால் இன்னொன்று பொருந்தினால் அதுவும் ஓடும். இனிப் புதிதாகச் சொல்ல யாருக்கும் ஒன்றுமில்லை என்ற அமைதி வரும்வரை இது நடக்கும். ஆனால் இந்த ரூல்கள் செய்வதெல்லாம் சீட்டு எழுதிப் போடுவது மட்டும்தான். 'இந்தச் செயலைச் செய்யலாம்', 'இது வேண்டாம்', 'அதைவிட இது மேல்'. செயல் என்பதை இங்கே ஆப்பரேட்டர் என்பார்கள், சீட்டை பிரிஃபரன்ஸ் என்பார்கள். சீட்டுகளைப் பிரித்துப் படித்து முடிவு சொல்வது ஒரு மாறாத நடைமுறை. அதை நீங்களும் மாற்ற முடியாது, நானும் மாற்ற முடியாது. அதனால்தான் அதைக் கையால் போட்டுப் பார்க்க முடிகிறது.

சீட்டில் வருவது ஒரே ஒரு குறி. + என்றால் பரிசீலிக்கலாம். - என்றால் வேண்டாம். ! என்றால் இதைத்தான் செய்தாக வேண்டும். ~ என்றால் கூடவே கூடாது. இரண்டு ஆப்பரேட்டருக்கு நடுவில் > வந்தால் முன்னது மேல், < வந்தால் முன்னது கீழ். அதே > தனியாக நின்றால் எல்லாவற்றிலும் சிறந்தது, < தனியாக நின்றால் கடைசிப்பட்சம். = என்றால் எதுவானாலும் சரி. சமன்குறிக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் வரலாம், அதைக் கடைசியில் பார்ப்போம். நோட்டில் இந்தக் குறிகளை வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தபோது என் தங்கை எட்டிப் பார்த்து, "என்னண்ணா, கோலம் போட்டுப் பழகுறியா?" என்று கேட்டாள்.

இப்போது பிரித்துப் படிக்கும் வரிசை. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். முதலில் ! இருக்கிறதா என்று பார்க்கும். ஒன்றுக்கு மட்டும் இருந்து, அதற்கே ~ விழாமல் இருந்தால் கதை முடிந்தது, அதுதான் தேர்வு. இல்லையென்றால் + வாங்கியவற்றை எல்லாம் ஒரு பட்டியலில் சேர்க்கும். அதிலிருந்து ~ விழுந்தவை போகும், - விழுந்தவை போகும். மிச்சத்தில் மேல், கீழ் ஒப்பீடுகளைப் பார்த்துத் தோற்றவற்றை எடுக்கும். பிறகு 'சிறந்தது' என்று பெயர் வாங்கியது யாராவது இருந்தால் அவர்களை மட்டும் வைத்துக்கொள்ளும். பிறகு 'கடைசிப்பட்சம்' என்பவற்றை, வேறு ஆள் இருக்கும் பட்சத்தில், கழிக்கும். கடைசியில் ஒன்று மிஞ்சினால் அது தேர்வு. பல மிஞ்சி, எல்லாம் தங்களுக்குள் சமம் என்று சீட்டு இருந்தால் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

இந்த வரிசையில் மூன்று இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

+ இல்லாத ஆப்பரேட்டர் பந்தயத்திலேயே இல்லை. 'சிறந்தது' என்று எத்தனை ரூல் புகழ்ந்தாலும் பட்டியலில் பெயர் சேராது. அடுத்தது, ஒப்பீடு முதலில், 'சிறந்தது' அதற்குப் பிறகு. ஆகவே ஒப்பீட்டில் தோற்று வெளியேறிய ஆப்பரேட்டர் கையில் 'சிறந்தது' சீட்டு இருந்தும் பிரயோஜனமில்லை. மூன்றாவதுதான் பெரியது: இது ஓட்டுப் பெட்டி இல்லை. பத்து ரூல் சேர்ந்து ஒன்றைச் 'சிறந்தது' என்றாலும், எங்கோ மூலையில் ஒரே ஒரு ரூல் - போட்டால் அந்த ஆப்பரேட்டர் காலி. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை அந்த நடைமுறை எண்ணுவதே இல்லை. யாராவது சொன்னார்களா என்பதுதான் கணக்கு.

சரி, ஒரு பக்கம் போட்டுப் பார்ப்போம். சோர் படிக்கிற எல்லோரும் கடந்து வரும் தண்ணீர்க் குடப் புதிர்: 5 காலன் குடம் ஒன்று, 3 காலன் குடம் ஒன்று, அளவுக்கோடு எதுவும் கிடையாது. 3 காலன் குடத்தில் சரியாக 1 காலன் தண்ணீர் இருக்க வேண்டும். செய்யக்கூடியவை மூன்றே: நிரப்புவது, கொட்டுவது, ஒன்றிலிருந்து இன்னொன்றில் ஊற்றுவது.

என் ஆள் (நான் ரூல் எழுதி ஓடவிட்ட சோர் நிரல்தான்) சின்னக் குடத்தை நிரப்பி, அதைப் பெரியதில் ஊற்றிவிட்டான். இப்போது பெரியதில் 3, சின்னதில் 0. இங்கே என்ன செய்யலாம் என்று + வாங்கியவை நான்கு: பெரியதை நிரப்பு, சின்னதை நிரப்பு, பெரியதைக் கொட்டு, பெரியதிலிருந்து சின்னதில் ஊற்று. சின்னதைக் கொட்டும் யோசனை வரவே இல்லை, அதில்தான் தண்ணீர் இல்லையே.

என்னிடம் இரண்டு ரூல் கூடுதலாக இருந்தன. ஒன்று, இப்போதுதான் ஊற்றியதைத் திருப்பி ஊற்றாதே. அது - போடும். இன்னொன்று, தண்ணீரைக் கொட்டுவது கடைசிப்பட்சம். அது தனி < போடும். நோட்டில் இப்படி வந்தது:

பெரியதை நிரப்பு: +
சின்னதை நிரப்பு: +
பெரியதைக் கொட்டு: + <
பெரியதிலிருந்து சின்னதில் ஊற்று: + -

பென்சிலை எடுத்து அடியுங்கள். ! இல்லை. நான்கும் பட்டியலில். ஊற்றுவது - வாங்கியதால் போச்சு. ஒப்பீட்டுச் சீட்டு கிடையாது. 'சிறந்தது' கிடையாது. கொட்டுவது கடைசிப்பட்சம், வேறு ஆள் இருப்பதால் அதுவும் போச்சு. மிஞ்சியவை இரண்டு: பெரியதை நிரப்பு, சின்னதை நிரப்பு. சமம் என்று யாரும் சொல்லவில்லை. அப்போது எதை எடுப்பது?

எதையும் எடுக்காது. இங்கேதான் சோர் மற்றவற்றிலிருந்து பிரிகிறது. 'எனக்குத் தெரியவில்லை' என்று நின்றுவிடும். இந்த நிலைக்கு இம்பாஸ் என்று பெயர். நான் அதை முட்டுச்சந்து என்றே சொல்லிப் பழகிவிட்டேன். முட்டுச்சந்தில் வகைகள் உண்டு. இப்போது வந்தது இழுபறி. ஒரு ரூல் ஒன்றை மேல் என்று சொல்ல, இன்னொரு ரூல் அதையே தலைகீழாகச் சொன்னால் அது முரண். இரண்டு பேர் தனித்தனியாக ரூல் எழுதிச் சேர்க்கும்போது அடிக்கடி வரும். இரண்டு ஆப்பரேட்டருக்கு ! விழுந்தாலோ, ஒன்றுக்கே ! விழுந்து ~ உம் விழுந்தாலோ அது கட்டுப்பாட்டு முறிவு. யாருமே எதையும் முன்மொழியவில்லை, அல்லது தேர்ந்தெடுத்த ஆப்பரேட்டரைச் செய்து முடிக்கத் தேவையான அறிவு இல்லை என்றால் மாற்றமின்மை.

திரையில் இழுபறி வந்த அன்று நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். ஏதோ பிழை என்று பதறி, எல்லா ஆப்பரேட்டருக்கும் + பக்கத்தில் ஒரு = சேர்த்துவிட்டேன். உடனே இழுபறி மறைந்தது. ஓட்டம் அழகாக ஓடியது. குடத்தை நிரப்புவான், கொட்டுவான், நிரப்புவான், ஊற்றுவான். என்றைக்காவது ஒருநாள் தற்செயலாக 1 காலன் வந்துவிடும். வந்தது. நானும் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் செய்தது, தெரியவில்லை என்று கையைத் தூக்கிய பிள்ளையின் வாயை அடைத்ததுதான்.

சமன்குறி எங்கே போடலாம் என்றால், எது முதலில் வந்தாலும் முடிவு மாறாது என்று உங்களுக்கே தெரிந்த இடத்தில். இரண்டு தட்டில் எதை முதலில் கழுவுவது என்பது போல. குடப் புதிரில் அப்படிப்பட்ட இடம் அபூர்வம்.

அப்படியானால் இழுபறியை என்ன செய்வது? அப்படியே விடுங்கள். சோர் அதற்குள் ஒரு உள்நிலையைத் திறக்கும். மேல்நிலைக்கு எஸ்1 என்று பெயர் என்றால் இது எஸ்2. எஸ்2-ஐ அச்சிட்டுப் பார்த்தால் அதற்குள்ளேயே எல்லாம் எழுதியிருக்கும்: இது எந்த வகை முட்டுச்சந்து, மேல்நிலை எது, எந்தெந்த ஆப்பரேட்டருக்கு நடுவில் இழுபறி. அதாவது 'எதைத் தேர்ந்தெடுப்பது' என்பதே இப்போது ஒரு தனிக் கணக்கு. அந்தக் கணக்கைப் போட மறுபடியும் அதே ரூல்கள், அதே சீட்டுகள், அதே பஞ்சாயத்து.

எஸ்2-இல் நடப்பதை நிதானமாகப் பாருங்கள். சோரோடு வரும் தேர்வுக்கான பொது ரூல்களைச் சேர்த்திருந்தால், இழுபறியில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் 'இதை மதிப்பிடு' என்று ஒரு ஆப்பரேட்டர் வரும். எதை முதலில் மதிப்பிட்டாலும் ஒன்றுதான், ஆகவே அங்கே சமன்குறி நியாயம். 'சின்னதை நிரப்பு' என்பதை மதிப்பிட எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பிடுவது எப்படி என்று நேரடி ரூல் இல்லை, அதனால் இன்னொரு முட்டுச்சந்து, எஸ்3. எஸ்3-இல் குடங்களின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு கற்பனையில் நிரப்பிப் பார்க்கும். பெரியதில் 3, சின்னதில் 3. கற்பனைக் குடத்தில் என்ன செய்தாலும் உண்மைக் குடம் அசையாது.

எஸ்3-இலும் பழைய கதைதான். பெரியதை நிரப்புவதா, சின்னதிலிருந்து பெரியதில் ஊற்றுவதா என்று இழுபறி வந்து எஸ்4, அதற்கடியில் எஸ்5. எஸ்5-இல் ஊற்றிப் பார்க்கிறது. பெரியதில் 2 காலனுக்குத்தான் இடம். 2 போக சின்னதில் 1 நிற்கிறது. கேட்டது அதுதான்! 'வெற்றி' என்ற மதிப்பீடு மேலே ஏறும், எஸ்3-இல் ஊற்றுவதற்குச் 'சிறந்தது' சீட்டு விழும், அங்கிருந்து இன்னும் மேலே ஏறி எஸ்1-இல் 'சின்னதை நிரப்பு' என்பதற்கும் 'சிறந்தது' விழும். எஸ்3-இல் இழுபறி தீர்ந்ததும் எஸ்4, எஸ்5 மறையும், எஸ்1-இல் தீர்ந்ததும் மிச்சமிருக்கும் எஸ்2, எஸ்3-உம் மறைந்துவிடும். சாரம் பிரித்த கட்டடம் மாதிரி.

முதலில் 'பெரியதை நிரப்பு' என்பதை மதிப்பிட எடுத்திருந்தால் கற்பனை நெடுந்தூரம் போயிருக்கும், அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கிணறு வெட்டுவது போல உள்நிலைக்குள் உள்நிலை. எனக்கு முதன்முறை திரை கீழே கீழே ஓடிக்கொண்டே இருந்தது. நோட்டில் ஒவ்வொரு உள்நிலைக்கும் ஒரு விரல்கடை உள்ளே தள்ளி எழுதினால் தலை சுற்றாது.

இந்த உழைப்பு ஒருமுறைதான். கற்றல் வசதியை இயக்கி வைத்திருந்தால் (தானாக இயங்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும்) உள்நிலையில் கண்டுபிடித்த முடிவைச் சோர் ஒரு புதிய ரூலாக எழுதிக்கொள்ளும். இதற்குச் சங்க்கிங் என்று பெயர். முடிவுக்கு வர மேல்நிலையில் எதையெல்லாம் பார்த்ததோ அதெல்லாம் நிபந்தனை. கிடைத்த சீட்டுதான் விளைவு. அடுத்த ஓட்டத்தில் பெரியதில் 3, சின்னதில் 0 என்று வந்ததும் அந்த ரூல் நேராகச் 'சிறந்தது' போட்டுவிடும், முட்டுச்சந்தே வராது. நான் ஊரெல்லாம் சமன்குறி போட்டு வைத்திருந்தபோது இது எதுவும் நடக்கவில்லை. முட்டுச்சந்து இல்லாத இடத்தில் கற்பதற்கு என்ன இருக்கிறது?

இனி அந்த எண். சமன்குறிக்குப் பக்கத்தில் எண் எழுதினால் 'எதுவானாலும் சரி, ஆனால் எனக்கு இது இவ்வளவு பிடிக்கும்' என்று பொருள். இந்தச் சீட்டில் மட்டும் எண்ணிக்கைக்கு மதிப்புண்டு: ஒரே ஆப்பரேட்டருக்குப் பல ரூல் எண் போட்டால் கூட்டிக்கொள்ளும். அந்த எண்ணைச் சோரே அனுபவத்தால் திருத்தவும் செய்யும். வெற்றி கிடைத்தால் 1 என்று வெகுமதி வைத்தீர்கள், கற்கும் வேகம் 0.3 என்றால், கடைசி அடியான ஊற்றலின் எண் 0-வில் தொடங்கி முதல் வெற்றியில் 0.3 ஆகும். அடுத்ததில், 1-க்கு மிச்சமிருக்கும் 0.7-இல் பத்தில் மூன்று பங்கு கூடி 0.51. அதற்கடுத்து 0.657. முந்தைய அடிகளுக்கு வெகுமதி நேராக வராது, அடுத்த அடியின் எண்ணில் ஒரு பங்கு தள்ளுபடியோடு பின்னால் கசிந்து வரும்.

எண் போட்டால் இழுபறி வராது. அதனால் சமன்குறிப் பழக்கம் உள்ளவர்கள் இங்கே வந்து ஒளிந்துகொள்வார்கள். நானும் ஒளிந்தேன். இரண்டு இரவு ஓடவிட்டேன். ஆயிரக்கணக்கில் முடிவுச் சுற்றுகள் போயின. காலையில் எண்களை அச்சிட்டால் வரிசையாக 0, 0, 0. ஒன்றுகூட அசையவில்லை. கற்கும் வேகத்தை மாற்றினேன், வெகுமதியை 1-லிருந்து 10 ஆக்கினேன், ம்ஹூம்.

மூன்றாம் நாள் நோட்டை எடுத்தேன். பெரியதில் 3, சின்னதில் 3 என்ற நிலையில் ஓட்டத்தை நிறுத்தினேன். பிரிஃபரன்சஸ் என்று ஒரு கட்டளை உண்டு. நிலையின் பெயரையும் ஆப்பரேட்டர் என்ற சொல்லையும் கொடுத்து, ரூல் பெயர்களையும் காட்டு என்று கேட்டால், ஒவ்வொரு சீட்டையும் அதை எழுதிய ரூலின் பெயரோடு காட்டும். முதல் நாளே இதை அடித்திருக்க வேண்டும். 'சின்னதிலிருந்து பெரியதில் ஊற்று' என்பதற்கு நேராக +, ஒரு 0, பக்கத்தில் ஒரு -.

அந்த - போட்டது நான் பிறகு சேர்த்த இன்னொரு ரூல்தான். 'இப்போதுதான் நிரப்பிய குடத்தை உடனே கொட்டாதே' என்று எழுத நினைத்தேன். முந்தைய செயல் நிரப்பல், இப்போதைய செயலிலும் அதே குடம் என்ற இரண்டு நிபந்தனையை எழுதிவிட்டு, இப்போதைய செயலின் பெயர் 'கொட்டு' என்ற மூன்றாவது நிபந்தனையை விட்டுவிட்டேன். ஆகவே நிரப்பிய குடத்திலிருந்து ஊற்றுவதற்கும் - விழுந்தது. அந்த நிலைக்கு வரும் வழியே சின்னதை நிரப்புவதுதான், அதனால் அங்கே வந்த ஒவ்வொரு முறையும் கடைசி அடி அடைபட்டது. பத்து அடி எடுக்கும் இன்னொரு சுற்றுவழியும் இந்தப் புதிருக்கு உண்டு, அதுவும் பெரியதை நிரப்பியதும் ஊற்ற வேண்டிய இடத்தில் அடைபட்டது. எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் - வாங்கியவன் அதற்கு முன்பே வெளியே. தேர்வாகாதவனுக்கு அனுபவம் இல்லை, அனுபவம் இல்லாதவனுக்கு எண் ஏறாது.

எதிர்த்திசைப் பிழைக்கும், அதாவது வரவேண்டிய சீட்டு வராமல் போனால், மேட்சஸ் என்ற கட்டளை இருக்கிறது. ரூல் பெயரைக் கொடுத்தால் எந்த நிபந்தனை வரியில் தடுக்கியது என்று அந்த வரிக்கு முன்னால் குறிபோட்டுக் காட்டும்.

மூன்றாவது நிபந்தனையைச் சேர்த்து, வெகுமதியை மறுபடி 1 ஆக்கி, ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து முதல் மூன்று வெற்றிகளுக்கு அந்த ஊற்றலின் எண்ணை நோட்டில் எழுதினேன்: 0.3, 0.51, 0.657.